கணக்குக் கேட்கும் உரிமை: தொண்டை நாட்டில் ஒரு சங்கத்தின் கதை

தொண்டை மண்டலம் முற்காலத்தில் இருபத்து நான்கு கோட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது என்பதை வாசகர்கள் அறிவர். அவற்றுள் ஒன்று மணவிற்கோட்டம். சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப் பாதையில் இன்று ஒரு சிறு நிலையமாக இருக்கும் மணவூரே அக்கோட்டத்தின் தலைமை ஊர் என்று கருதுவர். முதற் குலோத்துங்கனின் படைத்தலைவனாக விளங்கித் தில்லையில் பல திருப்பணிகள் செய்த நரலோக வீரன், 'மணவில் கூத்தன் காலிங்கராயன்' என்று ஊர்ப்பெயரோடு சேர்த்தே கல்வெட்டுகளில் பேசப்படுகிறான். அந்தப் பெருமையைத் தாங்கிய ஊர் இப்போது மின்தொடர் வண்டிகள் ஒரு நிமிடம் நின்று கடக்கும் இடமாக உள்ளது.

நாம் இங்கே பேச வருவது காலிங்கராயனைப் பற்றியன்று. மணவூரிலிருந்து அதே பாதையில் கிழக்கு நோக்கித் திருவள்ளூரைத் தாண்டிச் சென்றால் செவ்வாப்பேட்டை வரும். அதன் அருகில் உள்ளது திரூர் என்னும் சிற்றூர். வேளாண்மைத் துறையினர் இவ்வூரை நெல் ஆராய்ச்சி நிலையத்தால் அறிவர். ஐ.ஆர்.20 நெல்லின் பெற்றோருள் ஒன்றான டி.கே.எம்.6 இரகத்தின் பெயரில் ஒளிந்திருப்பது திரூர்க்குப்பமே. ஆனால் திரூருக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. 1904ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தின்கீழ் இந்தியாவில் பதிவான முதல் வேளாண்மைக் கடன் சங்கம் இங்கேதான் அமைந்தது. பதிவு நாள் 1904 ஆகஸ்டு 30.

'முதல்' என்ற சொல்லுக்கு உரிமை கோருவோர் பலர். கர்நாடகத்தின் கதக் வட்டாரத்தில் உள்ள கணகினஹாள் சங்கம் தன்னையே முதல்வன் என்று சொல்லிக்கொள்கிறது. அது பதிவானது 1905இல். பரோடாவில் 1889லேயே 'அன்யோன்ய சஹகாரி மண்டலி' என்ற பெயரில் ஒரு பரஸ்பர உதவிச் சங்கம், எந்தச் சட்டத்தின் துணையுமின்றி இயங்கியது. நமக்கு இந்தப் போட்டியில் ஆர்வமில்லை. இலாபத்தை முதல் நோக்கமாகக் கொள்ளாமல், தம் தேவையைத் தாமே நிறைவேற்றிக்கொள்ள மக்கள் ஒன்றுகூடித் தொழில் நடத்துவதை இன்று 'சமூக நோக்குத் தொழில்' என்கிறார்கள். அத்தகைய ஒரு தொழில் வறிய நாடொன்றில் எப்படி உருவம் பெறுகிறது, யார் அதற்கு உருவம் கொடுக்கிறார்கள் என்பதே நம் கேள்வி. மணவூரைச் சுற்றியுள்ள சில காத தூரத்துக்குள்ளேயே அதற்கான விடையின் பெரும்பகுதி கிடக்கிறது.

* * *

கூட்டுறவு நமக்குப் புதிதன்று, சோழர் காலத்திலேயே இருந்தது என்று சிலர் எழுதுவதுண்டு. அதை அப்படியே ஏற்பதற்கில்லை. முற்றிலும் தள்ளவும் முடியாது.

மணவூருக்கு அடுத்த இரயில் நிலையம் திருவாலங்காடு. திரூர்ச் சங்கம் பதிவான மறு ஆண்டில், அதாவது 1905இல், முதலாம் இராசேந்திரனின் புகழ்பெற்ற திருவாலங்காட்டுச் செப்பேடுகள் இவ்வூர்க் கோயிலிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தன. முப்பத்தோர் ஏடுகள். சோழர் குடிவரலாற்றை விரித்துரைக்கும் அந்த நீண்ட ஆவணம், பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டு இறைவனுக்கு அளித்த செய்தியைப் பதிவு செய்வதற்காக எழுந்தது. எல்லைகள், வரிகள், கையெழுத்திட்டோர் என்று அது ஒரு முழுமையான நிலப் பத்திரம்.

கோயில்களுக்கு இவ்வாறு சேர்ந்த செல்வம் கருவூலத்தில் முடங்கிக் கிடக்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், இறைவனுக்கு அளிக்கப்பட்ட காசுகள் ஊர்ச்சபைகளுக்குக் கடனாகத் தரப்பட்ட விவரங்கள் வரிசையாக உள்ளன. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. நம் கணக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டரை. அந்த வட்டியிலிருந்து விளக்கும் அமுதும் விழாவும் நடந்தன. அறத்துக்காக வைத்த முதல், வேளாண்மைக்குக் கடனாகச் சென்று, வட்டியாகத் திரும்பி மீண்டும் அறத்துக்குப் பயன்பட்டது.

இந்த ஏற்பாடு நின்றது கணக்கின் மீது. தொண்டை நாட்டு உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட சபை விதிகளில் ஒன்று நம் கவனத்துக்குரியது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் குடவோலைக்குத் தகுதியற்றவர். அவர் மட்டுமல்லர், அவருடைய உறவினர்களும் தகுதியற்றவர்கள். பொதுப்பணத்தைக் கையாண்டவன் கணக்குச் சொல்லாவிட்டால் அவன் சுற்றமே விலக வேண்டும் என்னும் அளவுக்குக் கடுமை.

ஆனால் அதே கல்வெட்டு வேறொன்றையும் சொல்கிறது. வாரியத்தில் இடம்பெறக் கால்வேலிக்கு மேற்பட்ட இறை நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் அறிந்திருக்க வேண்டும். கணக்குக் கேட்கும் உரிமை கடுமையாகப் பேணப்பட்டது; அதைப் பெற்றவர்களோ மிகச் சிலர். பின்னாளில் இந்த மண்ணில் எழுந்த ஒவ்வொரு சங்கமும் இந்த இரண்டு கேள்விகளையும் சந்தித்தே தீரவேண்டியிருந்தது: கணக்கை யார் கேட்பது? கேட்பவர்களின் வட்டத்துக்குள் யார் யார் உண்டு?

* * *

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் செங்கல்பட்டு மாவட்டத்தின் கிராமம் மிராசு முறையின் பிடியில் இருந்தது. திரூரும் அன்று அந்த மாவட்டத்தைச் சேர்ந்ததே. ஊர் நிலத்தில் பரம்பரைப் பங்குரிமை கொண்ட மிராசுதார்கள், தரிசு நிலத்தைப் பெறுவதிலும் முன்னுரிமை பெற்றிருந்தனர். சேரியில் வாழ்ந்தோர் தரிசில் ஒரு துண்டு கேட்டு விண்ணப்பித்தாலும் அது எளிதில் கைகூடாது. மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை இந்த நிலைமையை விரிவாக எடுத்துரைத்தது. கடனுக்குத் தம் உழைப்பையே அடகு வைத்துப் பண்ணையாளாகக் கிடந்தோர் நிலையையும் அது கூறியது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் சொல்லும் ஒதுக்கீட்டுக்கு வழிவகுத்தது அந்த அறிக்கையே.

அதே பத்தாண்டில் சென்னை அரசாங்கம் வேறொரு அதிகாரியிடம் வேறொரு கேள்வியைக் கேட்டது. உழவனுக்கு லேவாதேவிக்காரனிடமிருந்து விடுதலை தர வேளாண்மை வங்கிகள் அமைக்க முடியுமா? பிரெடெரிக் நிக்கல்சன் ஐரோப்பா முழுவதும் இருந்த கடன் முறைகளை ஆராய்ந்து, 1895இலும் 1897இலும் இரு தொகுதிகளாக அறிக்கை அளித்தார். சென்னை மாகாணத்திலேயே இயங்கிவந்த நிதிகளையும் அவர் ஆராய்ந்தார். மயிலாப்பூர் இந்து பர்மனென்ட் பண்டு 1872இல் தொடங்கப்பட்டது என்பதை நினைவிற்கொண்டால், பணம் திரட்டும் பழக்கம் இங்கே இல்லாததன்று என்பது விளங்கும். ஆயினும் நிதிகள் நகரத்து உத்தியோகஸ்தர்களுக்கானவை. உழவனுக்கு நிக்கல்சன் கண்ட வழி, ஜெர்மனியில் ரைபைசன் 1860களில் உருவாக்கிய கிராமச் சங்கம்.

ரைபைசனின் தத்துவம் எளிமையானது. ஒரே கிராமத்தார் சிலர் சேர்கின்றனர். ஒருவர் கடனுக்கு மற்ற அனைவரும் தம் முழுச் சொத்தோடும் பொறுப்பேற்கின்றனர். பெரிய பங்குத்தொகை தேவையில்லை. அண்டை வீட்டானின் குணத்தை அறிந்திருப்பதே ஈடு. யார் மாடு வாங்கக் கடன் பெற்றுக் கல்யாணத்துக்குச் செலவழித்தான் என்பதைக் கண்டுபிடிக்க அதிகாரி வர வேண்டியதில்லை, ஊருக்கே தெரியும்.

இங்கேதான் ஒரு முடிச்சு விழுகிறது. ரைபைசனின் சங்கத்துக்கு வேண்டியது ஒருவரையொருவர் சமமாகப் பார்த்துக் கேள்வி கேட்கக்கூடிய அண்டை வீட்டார். ஊரும் சேரியும் பிரிந்து கிடந்த, மிராசுதாரும் பண்ணையாளும் ஒரே திண்ணையில் அமர முடியாத கிராமத்தில் அந்த 'அண்டை வீட்டார்' யார்? 1904 மார்ச்சு 25இல் நிறைவேறிய சட்டம் இதற்கு ஒரு விடையை வைத்திருந்தது. சங்கம் அமைக்கும் பத்துப் பேரும் ஒரே ஊரையோ ஊர்த்தொகுதியையோ சேர்ந்தவராக இருக்கலாம். அல்லது பதிவாளரின் இசைவோடு ஒரே குலத்தையோ வகுப்பையோ சாதியையோ சேர்ந்தவராக இருக்கலாம். கிராமத்தின் பிளவுகளைச் சட்டம் தானே ஏற்படுத்தவில்லை. ஆனால் அவற்றின் மீது கட்டடம் எழுப்ப இடம் கொடுத்தது.

நிலமற்றோர் இந்தக் கட்டடத்துக்கு வெளியே நின்றனர். 1920ஐ ஒட்டித் தொழிலாளர் துறை ஏற்பட்ட பின்னரே, ஒடுக்கப்பட்ட வகுப்பினர் குடியிருப்பு மனை வாங்குவதற்கெனத் தனிச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. பொதுச் சங்கத்துக்குள் இடமில்லாதவர்க்கு அரசின் வேறொரு துறை வேறொரு சங்கத்தைக் கட்ட வேண்டியிருந்தது.

* * *

அந்நாளில் கூட்டுறவுக் கடன் சங்கத்தைத் தமிழில் 'ஐக்கிய நாணய சங்கம்' என்று அழைத்தனர். எவர் ஆக்கிய சொல்லாயினும் அது அருமையான சொல். நாணயம் என்றால் காசு. நாணயம் என்றால் நேர்மை. கடன் என்பது இரண்டும் சேர்ந்தது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

சட்டம் அச்சங்கத்துக்குப் பல சலுகைகளை அளித்தது. வருமான வரி இல்லை. முத்திரைக் கட்டணத்தில் விலக்கு. ஆண்டுதோறும் இலவசத் தணிக்கை. கிராமச் சங்கம் இலாபத்தைப் பங்கிடாமல் காப்பு நிதியில் சேர்க்க வேண்டும் என்றும் விதித்தது. இவை அனைத்துக்கும் மையமாகப் பதிவாளர் என்றொருவரை நிறுத்தியது. சென்னை மாகாணத்தின் முதல் பதிவாளர், முன்பு கொச்சியிலும் பின்பு திருவிதாங்கூரிலும் திவானாக இருந்த பி. இராஜகோபாலாச்சாரி. பதிவு செய்வதும், கணக்கைத் தணிக்கை செய்வதும், விசாரணை நடத்துவதும், தேவையானால் சங்கத்தைக் கலைப்பதும் ஒரே அலுவலகத்தின் கையில் இருந்தன.

எழுத்தறிவு அரிதாயிருந்த கிராமத்தில் இத்தகைய ஒரு காவலர் வேண்டும் என்று அன்று எண்ணியதில் தவறில்லை. 1906இல் சென்னையின் அர்பத்நாட் வங்கி முறிந்தபோது, அதில் பணம் போட்டிருந்த ஆயிரக்கணக்கானோர் கைவிடப்பட்டனர். கணக்கைப் பார்க்கும் உரிமை அவர்களில் எவருக்கும் இருந்ததில்லை. தணிக்கைக்குட்பட்ட சிறு சங்கம் அதைவிட மேலானதே.

ஆனால் காவலர் இருக்கும் வீட்டில் வீட்டுக்காரர் உறங்கிவிடுவதும் உண்டு. உறுப்பினர் கேட்க வேண்டிய கணக்கைப் பதிவாளரின் ஆள் வந்து கேட்கத் தொடங்கியபோது, சங்கம் 'சர்க்கார் பாங்கி' என்ற நினைப்பு ஊன்றிவிட்டது.

இதற்கு மாறான தொடக்கமும் அதே ஆண்டில் நிகழ்ந்தது. 1904 ஏப்ரலில் திருவல்லிக்கேணியில் சிலர், இங்கிலாந்தின் ராச்டேல் நெசவாளர்கள் 1844இல் தொடங்கிய கடையை முன்மாதிரியாகக் கொண்டு, ஒரு பண்டகசாலையைத் தொடங்கினர். வி.எஸ். சீனிவாச சாஸ்திரி அதன் முன்னோடிகளுள் ஒருவர். டி.யு.சி.எஸ். என்று சென்னைவாசிகள் இன்றும் அறிந்த நிறுவனம் அது. கலப்படமற்ற பொருள், சரியான எடை, ரொக்கப் பணம் என்பவை அதன் கொள்கைகள். 1904 அக்டோபரில் காஞ்சிபுரத்தில் நகரக் கடன் சங்கம் பதிவாயிற்று. இந்தியாவில் சட்டப்படி பதிவான முதல் நகரச் சங்கம் அதுவே. மறு ஆண்டில் சென்னை மத்திய நகர வங்கி தோன்றியது. அதுவே வளர்ந்து இன்றைய தமிழ்நாடு மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கியானது.

திருவல்லிக்கேணிக்கும் திரூருக்கும் இருந்த வேறுபாடு நல்லவர்க்கும் தீயவர்க்கும் உள்ள வேறுபாடன்று. திருவல்லிக்கேணியின் உறுப்பினர் படித்தவர், நாளேட்டில் எழுதக்கூடியவர், பொதுக்குழுவில் எழுந்து நின்று வரவு செலவைக் கேட்கக்கூடியவர். ஒரே சட்டம் இரண்டு ஊர்களில் இரண்டு விதமாகப் பலித்தது. சட்டத்தை வாசிக்க முடிந்தவனுக்கு அது கருவி. வாசிக்க முடியாதவனுக்கு அது இன்னொரு கச்சேரி.

* * *

விடுதலைக்குப் பின் வந்த கணக்கெடுப்பு ஓர் அதிர்ச்சியைத் தந்தது. 1951–52இல் நடந்த அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வு, உழவர் பெற்ற மொத்தக் கடனில் கூட்டுறவுச் சங்கங்களின் பங்கு நூற்றுக்கு 3.1 மட்டுமே என்று கண்டது. வட்டிக்கடைக்காரர்களும் வட்டிக்கு விடும் நிலக்கிழார்களும் சேர்ந்து ஏறத்தாழ எழுபது பங்கை வைத்திருந்தனர். அரை நூற்றாண்டு உழைப்பின் விளைச்சல் அவ்வளவே.

1954இல் வெளியான அறிக்கை, தோல்விக்குக் காரணம் கிராமத்தின் வலியோர் எதிரே சங்கம் நலிந்து நின்றதே என்று கண்டது. இது பெரும்பாலும் உண்மை. மருந்தாக அது சொன்னது அரசின் கூட்டு: சங்கங்களில் அரசே பங்குதாரராக வேண்டும், மேலிருந்து கீழ்வரை ஆதரவு தர வேண்டும். மிராசுதாரனின் கையிலிருந்து சங்கத்தை மீட்க அரசை அழைத்தனர். அரசு வந்தது, வந்த பிறகு போகவில்லை.

சென்னை மாகாணத்தின் 1932ஆம் ஆண்டுச் சட்டம், பின் 1961ஆம் ஆண்டுச் சட்டம், பின் இன்று நடைமுறையிலுள்ள 1983ஆம் ஆண்டுச் சட்டம் என்று பார்த்துக்கொண்டு வந்தால் பதிவாளரின் அதிகாரம் சட்டத்துக்குச் சட்டம் தடித்திருப்பதைக் காணலாம். நிர்வாகக் குழுவைக் கலைத்துத் தனி அலுவலரை நியமிக்கும் அதிகாரம் அவற்றுள் முதன்மையானது. 1970களின் நடுப்பகுதி தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தமிழகக் கூட்டுறவுச் சங்கங்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களின்றியே இயங்கின. 1996இல் தேர்தல் நடந்தது. பின்னர் 2013இலும் 2018இலும் நடந்தது. 2018இல் வந்த குழுக்களின் காலம் 2023இல் முடிந்ததும் தனி அலுவலர்களே மீண்டும் பொறுப்பேற்றனர். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தது என்பதைப் பொறுத்து இக்கதை மாறவில்லை.

மணவூரை அடுத்த திருவாலங்காட்டில் திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உள்ளது. பெயரளவில் அது கரும்பு விவசாயிகளின் சொத்து. அவர்கள் அதன் பங்குதாரர்கள். ஆனால் கரும்புக்குரிய விலையை அரசுகள் நிர்ணயிக்கின்றன. எந்த ஊர்க் கரும்பு எந்த ஆலைக்கு என்பதை ஒதுக்கீட்டு ஆணை சொல்கிறது. நிர்வாகத் தலைமை அரசின் நியமனம். உடையவன் என்று பெயர் பெற்றவன் வாயிலில் வண்டியோடு வரிசையில் நின்று, பாக்கி எப்போது வரும் என்று கேட்கிறான். பதினோராம் நூற்றாண்டுச் செப்பேட்டில் ஊர் எல்லையைப் பிடி நடத்திக் காட்டியவர்கள் முதல் எழுதியவன் வரை பெயர்கள் உள்ளன. ஆயிரம் ஆண்டுகள் கழித்து அதே ஊரில், ஆலைக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் ஒரு பதவியின் பெயர்தான் விடையாகக் கிடைக்கிறது.

* * *

கடன் தள்ளுபடியைப் பற்றிப் பேசாமல் இந்த வரலாறு முழுமை பெறாது. 2006இல் பதவியேற்ற அரசு கூட்டுறவு வேளாண் கடன்களைத் தள்ளுபடி செய்தது. தொகை ஏறத்தாழ 6,866 கோடி ரூபாய். 2021 பிப்ரவரியில் அப்போதைய அரசு 16.43 இலட்சம் உழவர்களின் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தது. அதே ஆண்டில் வந்த அடுத்த அரசு, ஐந்து பவுனுக்கு உட்பட்ட நகைக்கடன்களைத் தகுதி வரையறைகளோடு தள்ளுபடி செய்தது.

வறட்சியிலும் புயலிலும் விளைச்சலை இழந்தவனுக்கு இது உயிர்மூச்சு. ஆலைகளுக்கும் பெருங்குழுமங்களுக்கும் வங்கிகள் கடனை எழுதித் தள்ளும் நாட்டில், உழவனின் கடனை மட்டும் ஒழுக்கப் பிரச்சினையாக்குவது நேர்மையன்று. ஆனால் சங்கத்துக்கு நேர்வதையும் நாம் பார்க்க வேண்டும். கொடுத்த கடனை வசூலிக்கும் பொறுப்பு சங்கத்தைவிட்டு அகல்கிறது. அரசு தரும் ஈட்டுத்தொகைக்குச் சங்கம் காத்திருக்கிறது. தவணை தவறாமல் கட்டியவன் தான் ஏமாந்ததாக எண்ணுகிறான். 'நம் பணம்' என்று எவரும் எண்ணாத ஒரு பெட்டியில், கணக்குக் கேட்க எவருக்கும் தோன்றுவதில்லை. ரைபைசனின் வரம்பற்ற பொறுப்பு முழுவதுமாக மறைந்து, பொறுப்பு அரசின் வரவு செலவுத் திட்டத்தில் சென்று சேர்ந்துவிட்டது.

பொருளியலறிஞர் அ. வைத்தியநாதன் தலைமையிலான குழு 2005இல் இதையே ஆராய்ந்து, சங்கங்களின் நட்டத்தை ஒருமுறை அரசே ஈடுசெய்து, பின் அவற்றைச் சுதந்திரமாக விட வேண்டும் என்று பரிந்துரைத்தது. பணம் கொடுக்கும் பகுதியை நடைமுறைப்படுத்துவது எளிதாயிருந்தது. விட்டுவிடும் பகுதியில்தான் தயக்கம்.

* * *

விட்டுவிட்டால் என்ன ஆகும்? இதை எண்ணிப் பார்க்க நம் எல்லைப்புறத்தைவிடப் பொருத்தமான இடமில்லை.

திருத்தணிப் பகுதி 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் சேர்க்கப்பட்டு, 1953இல் அம்மாவட்டத்தோடு ஆந்திரத்துக்குச் சென்றது. ம.பொ.சி. முதலியோரின் எல்லைப் போராட்டத்துக்கும் படாஸ்கர் குழுவின் பரிந்துரைக்கும் பின், 1960 ஏப்ரல் 1இல் தமிழகத்தோடு இணைந்தது. கோடு வரைந்த பின்னும் இருபுறமும் அதே நெல், அதே கரும்பு, அதே தறி, இரு மொழியும் பேசும் அதே குடும்பங்கள். ஆனால் 1995இல் ஆந்திரம் 'பரஸ்பர உதவிக் கூட்டுறவுச் சங்கச் சட்டம்' என்ற ஒன்றை இயற்றியது. அரசின் பங்குத்தொகையை ஏற்காத சங்கம் தன் விதிகளைத் தானே வகுக்கலாம். தன் தேர்தலைத் தானே நடத்தலாம். பதிவாளர் அதன் நாற்காலியில் வந்து அமர முடியாது. தமிழ்நாட்டில் அத்தகைய தனிச் சட்டம் வரவில்லை. கோட்டுக்கு வடக்கே ஒரு சங்கத்துக்கு இயல்வது தெற்கே இயலாது. மக்கள் ஒன்று, மண் ஒன்று. நிறுவனம் வேறு என்பதால் தொழிலின் உருவமும் வேறு.

வடக்கே எல்லாம் நலமே என்று சொல்ல நாம் வரவில்லை. அச்சட்டத்தின்கீழ்ப் பெண்களின் சிக்கனச் சங்கங்கள் பல தம் சேமிப்பைக் கொண்டே வளர்ந்தன என்பது உண்மை. சில பால் நிறுவனங்கள் அச்சட்டத்துக்கு மாறிப் பின் கம்பெனிகளாகிவிட்டன என்பதும் உண்மை. 2010இல் அதே ஆந்திரத்தில் தனியார் நுண்கடன் நிறுவனங்களின் வசூல் கொடுமையும் தற்கொலைகளும் வெளியானபோது, அரசு அக்டோபரில் அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. ஏழைக்குக் கடன் கொடுப்பதையே இலட்சியமாகச் சொன்ன தொழில், கணக்குக் கேட்பவர் பங்குச் சந்தை முதலீட்டாளராக மாறியபோது திசை மாறிற்று. வங்கதேசத்தின் கிராமீன் வங்கியும் 1983ஆம் ஆண்டின் ஓர் அரசாணையால் பிறந்தது. 2011இல் அதன் நிறுவனரையே விலக்க அந்நாட்டு மைய வங்கிக்கு இயன்றது. பெற்றெடுத்த சட்டம் பிள்ளையை எளிதில் விடுவதில்லை.

இந்திய நாடாளுமன்றம் 97ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம் கூட்டுறவுச் சங்கம் அமைப்பதை அடிப்படை உரிமையாக்கியது. 2012இல் அது நடைமுறைக்கு வந்தது. சங்கங்களுக்கு ஒழுங்கான தேர்தலையும் கலைப்புக்கு வரம்பையும் விதித்த அதன் பகுதி, மாநிலங்களின் ஒப்புதல் பெறப்படவில்லை என்பதால் மாநிலச் சங்கங்களுக்குச் செல்லாது என்று 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. சங்கம் அமைக்கும் உரிமை எஞ்சியது. அதை நடத்தும் உரிமை மாநிலச் சட்டத்தின் தயவில் உள்ளது.

* * *

இதற்கிடையில் ரைபைசனின் பழைய எண்ணம் எதிர்பாராத வாயிலொன்றில் திரும்பி வந்தது. 1989இல் தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு பெண்களின் சுய உதவிக் குழுக்கள் தொடங்கப்பட்டன. பன்னிரண்டு முதல் இருபது பேர், ஒரே தெரு, ஒரே கிணறு, வாரச் சேமிப்பு, குழுவுக்குள்ளேயே கடன். 1992இல் நபார்டு ஐந்நூறு குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோட்டத்தைத் தொடங்கியது. பதிவாளர் இல்லை, பதிவும் இல்லை. கூட்டத்தின் நடுவே கணக்கு நோட்டு திறந்து கிடக்கும். எழுதத் தெரிந்த ஒருத்தி வாசிப்பாள், மற்றவர்கள் விரல்விட்டுச் சரிபார்ப்பார்கள். நிலப்பட்டா இல்லாதவர்கள், 1904ஆம் ஆண்டுச் சட்டத்தின் 'அண்டை வீட்டார்' பட்டியலில் எண்ணிப் பார்க்கப்படாதவர்கள், இங்கே முதன்முறையாக ஒரு நிதி நிறுவனத்தின் உரிமையாளர்களாயினர்.

இக்குழுக்களும் காலப்போக்கில் திட்டங்களின் வழியாகவும் தேர்தல் வாக்குறுதிகளின் வழியாகவும் அரசை நோக்கித் திரும்பின. கூட்டுறவு வங்கிகளில் அவை பெற்ற கடனும் 2021இல் தள்ளுபடிப் பட்டியலில் சேர்ந்தது. திரூர் கண்ட பாதையில் இவையும் செல்கின்றனவா என்ற ஐயம் எழுவது இயல்பே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தன் கையால் கணக்கு எழுதிப் பழகியவர்களிடமிருந்து அந்தப் பழக்கத்தைத் திரும்பப் பெறுவது கடினம்.

ஒரு தொழில் மக்களுக்கானதாக இருக்குமா என்பதை அதன் நோக்கம் மட்டும் முடிவு செய்வதில்லை. நிலவுரிமை யார் உள்ளே வரலாம் என்பதை முடிவு செய்கிறது. சட்டம் யார் கேள்வி கேட்கலாம் என்பதை முடிவு செய்கிறது. பணம் எங்கிருந்து வருகிறது என்பது யாருக்கு விடை சொல்ல வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. உத்திரமேரூர்ச் சபைக்குக் கணக்கு இருந்தது, ஆனால் அது சிலருடையது. திரூரில் தொடங்கிய இயக்கம் வட்டத்தை விரித்தது. விரித்த கையாலேயே கணக்கைப் பதிவாளரிடம் ஒப்படைத்தது. இரண்டும் ஒருங்கே அமைந்த நிறுவனத்தை நாம் இன்னும் கட்டவில்லை.

தமிழ்நாட்டில் இன்று நாலாயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் உள்ளன. நியாயவிலைக் கடைகளுள் பெரும்பான்மையைக் கூட்டுறவு நிறுவனங்களே நடத்துகின்றன. உரமும் நகைக்கடனும் பயிர்க்கடனும் அங்கேயே கிடைக்கின்றன. இவற்றுள் ஏதேனும் ஒன்றில் நம்முள் பலர் உறுப்பினர்களாகவும் இருக்கிறோம். பேரவைக் கூட்டம் என்று அறிவிப்பு ஒட்டப்படும்போது, போய் அமர்ந்து, வரவு செலவை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம். சட்டம் இன்றைக்கும் உறுப்பினருக்கு விட்டுவைத்திருக்கும் உரிமை அது.